ஆங்கிலச் சொல்வகை காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சொல்லைத் தனியே எழுதிக் காட்டி, இது பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்று கேட்கும் பழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். ஆங்கிலத்தில் அன்றாடச் சொற்கள் பலவற்றின் வகை, அவை வாக்கியத்தில் எந்த வேலையைச் செய்கின்றன என்பதைப் பொறுத்தே அமையும். ‘ரவுண்ட்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம்: ‘எ ரவுண்ட் டேபிள்’ என்னும்போது அது பெயரடை, ‘த ஃபைனல் ரவுண்ட்’ என்பதில் பெயர்ச்சொல், ‘ஷீ டர்ன்ட் ரவுண்ட்’ என்பதில் வினையடை, ‘ரவுண்ட் த கார்னர்’ என்பதில் முன்னிடைச்சொல் (பிரெபொசிஷன்), ‘த கார் ரவுண்டட் த பெண்ட்’ என்பதிலோ வினைச்சொல். அகராதியில் முதலில் வரும் வகையை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இவற்றில் நான்கு தவறிப்போகும்.

அடுத்த தவறு, ‘லி’ என்று முடிவதெல்லாம் வினையடை என்று கொள்வது. தமிழில் ‘ஆன’ பெயரடைக்கும் ‘ஆக’ வினையடைக்கும் பெரும்பாலும் தெளிவான அடையாளங்களாக இருப்பதால், ஆங்கிலத்திலும் அப்படி ஓர் ஈற்றை நாம் எதிர்பார்க்கிறோம். ‘ஸ்லோலி’, ‘குவிக்லி’ போன்றவை அதற்கு ஒத்துப்போகின்றன. ஆனால் ‘ஃப்ரெண்ட்லி’, ‘லவ்லி’, ‘காஸ்ட்லி’ ஆகியவை பெயரடைகள். மாறாக, ‘ஃபாஸ்ட்’, ‘ஹார்ட்’ என்பவை ‘லி’ சேராமலே வினையடையாகவும் வரும். கடினமாக உழைக்கிறார் என்று பாராட்ட எண்ணி ‘ஹீ ஹார்ட்லி வொர்க்ஸ்’ என்று எழுதினால், அவர் ஏறக்குறைய வேலையே செய்வதில்லை என்ற பொருள் வந்துவிடும்.

தமிழ் வாக்கியத்தின் அமைப்பே நம்மைத் தடுமாற வைக்கும் இடமும் உண்டு. ‘சாம்பார் நன்றாக மணக்கிறது’ என்பதில் ‘நன்றாக’ வினையடை. அதே எண்ணத்தில் ‘த சாம்பார் ஸ்மெல்ஸ் குட்’ என்ற வாக்கியத்தில் உள்ள ‘குட்’ என்பதையும் வினையடை என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அங்கே அது சாம்பாரின் தன்மையைச் சொல்லும் பெயரடை. ‘லுக்’, ‘டேஸ்ட்’, ‘ஃபீல்’ போன்ற வினைகளை அடுத்து வருவது எழுவாயைப் பற்றிச் சொல்கிறதா, செயல் நடந்த விதத்தைச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘ஷீ சிங்ஸ் வெல்’ என்பதில் பாடும் விதம் பேசப்படுவதால் ‘வெல்’ வினையடை.

‘இங்’ என்று முடியும் சொற்களுக்குத் தமிழ் இலக்கணமே நல்ல துணை. ‘ஸ்விம்மிங் இஸ் குட் எக்சர்சைஸ்’ என்பதில் ‘ஸ்விம்மிங்’ நம் ‘நீந்துதல்’ போன்ற தொழிற்பெயர். ‘ரன்னிங் வாட்டர்’ என்பதில் ‘ரன்னிங்’ என்பது ‘ஓடும் நீர்’ என்பதிலுள்ள பெயரெச்சத்துக்கு நிகரானது. ‘ஷீ இஸ் ரன்னிங்’ என்பதில் வினையின் பகுதி.

வகையைப் பிழையாகக் கொண்டால் வாக்கியமும் பிழையாகும். ‘கோ ஹோம்’ என்பதில் ‘ஹோம்’ வினையடையாக நிற்பதால் அதற்கு முன் ‘டு’ வராது. ‘டிஸ்கஷன்’ என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின் ‘அபௌட்’ வரலாம். ‘டிஸ்கஸ்’ என்ற வினையோ நேரே செயப்படுபொருளை ஏற்பதால் அதற்கு ‘அபௌட்’ தேவையில்லை. எழுத்துக்கூட்டலும் இதைப் பொறுத்ததே: ‘அட்வைஸ்’ பெயர்ச்சொல்லானால் ‘சி’, வினையானால் ‘எஸ்’. ‘பிராக்டிஸ்’ என்பதற்கும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இதுவே முறை; அமெரிக்காவில் இரண்டு வகைக்கும் ‘சி’ எழுதுவதே வழக்கம்.