ரெண்டு ஜிஇசட் ஃபைலும் ஒண்ணுதானா? விரிச்சு வைக்காமலே பாக்கலாம்

ஜிஸிப்ல சுருக்கி (.ஜிஇசட்) நேத்து எடுத்த பேக்கப்பும் இன்னைக்கு எடுத்ததும் ஒண்ணுதானான்னு பாக்க நிறைய பேர் நேரா எம்டி5சம் (ஃபைலுக்குக் கைரேகை மாதிரி ஒரு கோடு தர்ற கமாண்டு) போடுறாங்க, ரெண்டும் வேறன்னு வந்ததும் டேட்டா மாறிடுச்சுன்னு முடிவு கட்டிடுறாங்க. அப்படி இல்லைங்க. ஜிஸிப் பண்ணும்போது ஒரிஜினல் ஃபைலோட பேரும் அது கடைசியா மாறின நேரமும் ஹெடர்ல, அதாவது ஜிஇசட் ஃபைலோட தொடக்கத்துல, போய் உக்காந்துக்கும், உள்ள ஒரு எழுத்து மாறலைன்னாலும் எம்டி5 மாறிடும். சும்மா பைட் பைட்டா ஒப்பிடுற கம்ப் கமாண்டுல ரெண்டையும் குடுத்துப் பாருங்க, முதல் வித்தியாசம் 5லேர்ந்து 8க்குள்ள ஒரு பைட்ல வந்துச்சுன்னா அது அந்த நேரம்தான். இனிமே எடுக்கிற பேக்கப்புக்கு ஜிஸிப்ல -என் சேத்துட்டா பேரும் நேரமும் ஏறாது.

உள்ள இருக்கிறத பாக்கணும்னா முன்னாடி ஒரு இசட் போடுங்க: இசட்கம்ப், இசட்டிஃப் (டிஃப்னா வரி வரியா வித்தியாசம் காட்டுறது). ஒண்ணா இருந்தா ரெண்டுமே வாயே தெறக்காது, எக்ஸிட் கோடு (கமாண்டு முடியும்போது திருப்பித் தர்ற எண்) 0, வேறன்னா 1, ஃபைலே கிடைக்கலைன்னா 2, ஸ்கிரிப்ட்ல அத வச்சே செக் பண்ணிக்கலாம். எக்ஸ்இசட் ஃபைலுக்கு எக்ஸ்இசட்டிஃப், பிஇசட்2க்கு பிஇசட்டிஃப்.

ஆனா நான் அதிகமா யூஸ் பண்றது இதுதான்:

டிஃப் -யு <(இசட்கேட் பழசு.ஜிஇசட்) <(இசட்கேட் புதுசு.ஜிஇசட்)

இசட்கேட் ஜிஇசட்ட விரிச்சு உள்ள இருக்கிறத நீட்டும், அந்த அடைப்புக்குறி அத ஒரு ஃபைல் மாதிரி டிஃப்புக்குக் குடுக்கும். இதுல நடுவுல என்ன வேணா சொருகலாம், வரிசை மாறி வர்ற ஃபைல்னா உள்ளயே பைப் போட்டு சார்ட் பண்ணிக்கலாம், ஒரு பக்கம் இசட்எஸ்டில சுருக்கின ஃபைல்னா இசட்எஸ்டிகேட் கூட வைக்கலாம். பேஷ், இசட்ஷெல்னு ரெண்டு ஷெல்லுலயும் ஓடும், உபுண்டுல எஸ்ஹெச்னு ஓட்டுனா அது டேஷ்னு வேற ஷெல், சின்டாக்ஸ் எரர்தான் வரும்.

மைஎஸ்க்யூஎல்டம்ப்ல டேட்டாபேஸ் பேக்கப் எடுக்கிறவங்களுக்கு ஒண்ணு. கடைசி வரில 'டம்ப் கம்ப்ளீட்டட் ஆன்'னு தேதி போட்டுடும், அதனால எப்ப டிஃப் போட்டாலும் ஒரு வரி வித்தியாசம் வந்துட்டே இருக்கும். டம்ப் எடுக்கும்போதே --ஸ்கிப்-டம்ப்-டேட் குடுத்துடுங்க, பழைய டம்ப்புன்னா டிஃப்ல பெரிய ஐ ஆப்ஷன் வச்சு அந்த வரிய ஒதுக்கிடலாம்.

பல ஃபைல ஒண்ணா கட்டின டார்.ஜிஇசட்னா இதெல்லாம் பத்தாது, பைனரி வேறன்னு ஒரு வரில முடிச்சிடும். டார் -டிவிஎஃப் லிஸ்ட்ட ரெண்டு பக்கமும் குடுத்து டிஃப் பண்ணுங்க, சைஸ் மாறினது உடனே தெரியும். டிஸ்க்ல இருக்கிறதோட ஒப்பிட டார் -டிஎஃப் இருக்கு (இங்க டி, 'டிஃப்'ல வர்ற டி, லிஸ்ட்டோட டி இல்ல). ஆர்க்கைவுக்குள்ள ஆர்க்கைவ்னா டிஃபோஸ்கோப், ரீப்ரொட்யூசிபிள் பில்ட்ஸ்ங்கிற திட்டத்து ஆளுங்க செஞ்சது, ஒவ்வொரு லேயரா பிரிச்சு காட்டும், ஆனா கூடவே ஒரு வண்டி பேக்கேஜ் இழுத்துட்டு வரும், சர்வர்ல போடாதீங்க.