கலிஃபோர்னியா ஓட்டுச்சீட்டில் 'தண்ணீர்க் கடன்' வந்தால் எப்படிப் படிப்பது?

கலிஃபோர்னியாவில் முதல்முறை ஓட்டுப் போடுகிறவர்களுக்காக இது. சீட்டில் ஆட்களின் பெயர்களோடு 'ப்ராப் 4' (ப்ராபொசிஷன், அதாவது மக்கள் நேரடியாக 'ஆம்' அல்லது 'இல்லை' சொல்லும் முன்மொழிவு) என்பது போன்ற கேள்விகளும் இருக்கும். மாநில அரசு கடன் பத்திரம் விற்றுத் தண்ணீர்த் திட்டங்களுக்குப் பணம் திரட்டலாமா என்று சில சமயம் கேட்பார்கள். பாதிக்கு மேல் 'ஆம்' விழுந்தால் போதும்.

படி 1: தலைப்பை வைத்து முடிவெடுக்காதீர்கள். 'பாதுகாப்பான குடிநீர்' என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? தபாலில் வரும் வாக்காளர் கையேட்டில் (இந்தியில் உண்டு, தமிழில் இல்லை) கட்சி சாராத சட்டமன்றப் பகுப்பாய்வாளர் எழுதிய பகுதியை முதலில் படியுங்கள். ஆதரவு, எதிர்ப்பு வாதங்கள் பிறகு.

படி 2: வட்டியைக் கணக்கிடுங்கள். 2024இல் நிறைவேறிய ப்ராப் 4 கேட்டது 1,000 கோடி டாலர். திருப்பிக் கட்டுவது வருடத்துக்குச் சுமார் 40 கோடி வீதம் 40 வருடம். ஆக மொத்தம் 1,600 கோடி. இது வீட்டு வரியில் ஏறாது, மாநிலப் பொது நிதியிலிருந்து போகும்.

படி 3: யாருக்குப் போகிறது? இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். ப்ராப் 4இல் தண்ணீருக்கு 380 கோடிதான். மீதி காட்டுத்தீத் தடுப்பு, கடலோரப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு. 2018இல் வந்த ப்ராப் 3 முழுக்கத் தண்ணீருக்கே 887.7 கோடி கேட்டது. அதில் 75 கோடி, விவசாயத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஃப்ரையன்ட்-கெர்ன், மடேரா கால்வாய்களைச் சரிசெய்ய. அவை ஓடும் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் ஆழ்துளைக் கிணறு போட்டு நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சித் தரையே இறங்கிவிட்டது. அதனால் ஃப்ரையன்ட்-கெர்ன் கால்வாய் நடுவழியில் ஓரிடத்தில் தொய்ந்துபோனது. பம்ப் இல்லாமல் சரிவிலேயே ஓடும் தண்ணீர் அந்த இடத்தில் பழைய அளவுக்குப் போகவில்லை. 'உறிஞ்சியது விவசாயம், செலவு ஊருக்கா?' என்றார்கள் எதிர்த்தவர்கள். எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. ப்ராப் 3 மயிரிழையில் தோற்றது. அதைச் சீட்டில் ஏற்றியது சட்டமன்றம் அல்ல, வாக்காளர்களிடம் கையெழுத்துத் திரட்டிய இயக்கம். அப்படி வந்தால், இயக்கத்துக்குப் பணம் போட்டவர் யார், பலன் பெறுபவர் யார் என்று ஒத்துப் பாருங்கள்.

படி 4: ஜெயித்ததும் அணை எழும்பிவிடாது. 2014இன் ப்ராப் 1 நீர்த்தேக்கங்களுக்கென்றே 270 கோடி ஒதுக்கியது. பத்து வருடம் கழித்தும், அந்தப் பணத்தில் பங்கு ஒதுக்கப்பட்ட சைட்ஸ் நீர்த்தேக்கத்தின் கட்டுமானம் தொடங்கவில்லை.

படி 5: குழப்பமாகவே இருந்தால் அந்தக் கேள்வியைக் காலியாக விடலாம், மற்ற ஓட்டுகள் செல்லும். தபாலில் ஓட்டுப் போட்டால், சீட்டைத் திருப்பி அனுப்பும் உறையின் மேல் கையெழுத்துப் போட மட்டும் மறக்காதீர்கள்.