சொல்லாமல் வேலைக்கு வராத ஊழியரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

ஊழியர் ஒருவர் தகவல் தராமல் வேலைக்கு வராதபோது, அன்றைக்கே அவரைத் தொலைபேசியில் அழைத்து, அழைத்த நேரத்தையும் கிடைத்த பதிலையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், விபத்தோ வீட்டில் நேர்ந்த துயரமோ காரணமாக இருக்கக்கூடும் என்பதால், "ஏன் வரவில்லை?" என்பதற்கு முன் "நலமாக இருக்கிறீர்களா?" என்று கேட்பதே முறை.

அவர் திரும்பி வந்த நாளிலேயே தனியறையில் பேசுங்கள். மருத்துவச் சான்றிதழில் தேதி திருத்தப்பட்டிருந்தாலோ, வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே வேறொருவரின் கையெழுத்து தெரிந்தாலோ, அந்தத் தாளையே அவர் முன் வைத்து, எழுத்து மூலம் விளக்கம் கேட்டு, அதற்குப் போதிய அவகாசமும் கொடுங்கள். சக ஊழியர்களின் செவிவழிச் செய்தியை ஆதாரமாகக் கொள்ளவே கூடாது. புகார் அளித்தவரே விசாரணையை நடத்துவதும் நியாயமாகாது.

தவறு உறுதியானால், இதே தவறுக்கு முன்பு மற்றவர்கள் மீது எடுத்த நடவடிக்கைக்கு இணையாகவே இதுவும் இருக்க வேண்டும். திறமைசாலி என்பதற்காக ஒருவரை விட்டுவிட்டால், நேர்மையாக உழைப்பவர்களின் மனம்தான் முதலில் நோகும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

பல நாட்கள் தொடர்பே கிடைக்காவிட்டால், பெயரை நீக்குவதற்கு முன், அவர் கொடுத்துள்ள முகவரிக்குப் பதிவு வசதியுடன் கூடிய விரைவுத் தபாலில் கடிதம் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றைக் கோப்பில் சேர்த்து வையுங்கள்.