பழைய காரைச் சரிசெய்வதா, கொடுத்துவிடுவதா: நான் பார்த்த வரிசை

அப்பா 2009-ல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார். 2024 தொடக்கத்தில், ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) முடிய நாலு மாதம் இருக்கும்போது, காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரில் நீலப் புகை. ஒரு பட்டறையில், "எஞ்சினை இறக்கி ரிங் மாத்தணும், முப்பத்தெட்டாயிரம் ஆகும்" என்றார்கள். பழைய கார் வியாபாரியிடம் கேட்டால் அறுபதாயிரத்துக்கு மேல் தர மாட்டேன் என்றார். வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு.

முதலில் பட்டறைக்குப் போனது என் தப்பு. முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி.

படி 1: காகிதம்

சொந்த உபயோகக் காருக்கு ஆர்.சி. 15 ஆண்டு செல்லும். அதன்பின் படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆய்வாளரிடம் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். முடிவதற்கு 60 நாள் முன்புதான் விண்ணப்பிக்க முடியும். 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாயாக இருந்த கட்டணம் அந்த மாதம் 5,000 ஆனது. தாமதித்தால் மாதம் 500 கூடும். பசுமை வரி தனி.

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். வண்டிப் பதிவு விவரம் காட்டும் அரசு செயலியான எம்பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். கடன் கொடுத்தவர் என்ற இடத்தில் இன்னும் வங்கியின் பெயர். கடன் 2014-லேயே முடிந்துவிட்டது. "என்.ஓ.சி. பத்திரமா இருக்குடா" என்று, கடன் தீர்ந்ததற்கு வங்கி தந்த ஆட்சேபணையில்லாச் சான்றை அப்பா பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். லேமினேட் செய்து வைத்திருந்தார்! வங்கியில் கொடுத்ததை வாங்கிப் பூட்டியதோடு சரி, ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமே போகவில்லை.

பத்து வருடப் பழைய என்.ஓ.சி. செல்லாது, புதிதாக வாங்கி வாருங்கள் என்றார்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில். கடன் கொடுத்த கிளையோ வேறொரு கிளையோடு சேர்ந்துவிட்டது. பழைய கடன் எண்ணைத் தேடவே மூன்று முறை அலைந்தேன். புது என்.ஓ.சி.யும், வங்கி முத்திரையோடு படிவம் 35-ம் கொடுத்த பிறகே ஹெச்.பி. (ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவு) நீங்கியது. மொத்தம் ஆறு வாரம்.

ஹெச்.பி. நிற்கும்வரை வண்டியை விற்றாலும் பெயர் மாறாது, உடைக்கக் கொடுத்தாலும் எடுக்க மாட்டார்கள். எந்த முடிவுக்கு வந்தாலும் இது குறுக்கே நிற்கும். எனவே இன்றே பார்த்துவிடுங்கள்.

படி 2: துரு

வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, நீங்களே கீழே நின்று பாருங்கள். சஸ்பென்ஷன் போல்ட் பிடிக்கும் இடங்கள், கதவுக்கு அடியில் ஓடும் பட்டை, ஸ்பேர் டயர் குழி. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'பொத்' என்று கேட்டாலோ, முனை உள்ளே இறங்கினாலோ அடுத்த படிக்குப் போகவே வேண்டாம். எஞ்சினுக்குச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் சாமான் கிடைக்கும், உடம்புக்கு வழியில்லை. கடலோர ஊர்க்காரர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்கவும்.

படி 3: எஞ்சின்

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. எந்த வழியாக உள்ளே போகிறது என்பதில்தான் பணம் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் புகைந்து அடங்கினால் பெரும்பாலும் வால்வு சீல், அதாவது வால்வு வழியாக ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர். ஓட்டும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்தப் புகைந்தால் ரிங், அதாவது பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம். முதல் பட்டறையில் இந்தக் கேள்வியையே கேட்கவில்லை.

இரண்டாவது பட்டறையில் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யச் சொன்னேன் (ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று கேஜ் வைத்துப் பார்ப்பது). எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். நான்கு பிளக்கையும் கழற்றி, பெட்ரோலும் ஸ்பார்க்கும் வராமல் துண்டித்து, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். எங்களுக்கு வந்தது 165, 160, 160, 155 பி.எஸ்.ஐ. எண்கள் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் 110, 120 என்று விழுந்தால் அந்த பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

"தம்பி, ரிங்கு நல்லாத்தான் இருக்கு. சீல்தான் காய்ஞ்சு போச்சு" என்றார் மெக்கானிக் அண்ணன். பில் 8,500.

கேஜ் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன்: மரை போட்டுத் திருகுவதுதான் வேண்டும். ரப்பரைக் கையால் அழுத்திப் பிடிக்கும் வகையில் கை தளர்ந்தால் எண்ணும் தளரும். ஃபோனோடு இணைக்கும் ஸ்கேனரை இதற்காக வாங்காதீர்கள். துருவும் ரிங்கும் அதற்குத் தெரியாது.

ஆயில் மூடியைத் திறந்தால் பால் காபி போல இருக்கிறதா? ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம்; எஞ்சின் தலைக்குக் கீழே உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். அது வேறு செலவு.

படி 4: கணக்கு

'ரிப்பேர் செலவு கார் விலையைத் தாண்டினால் விற்றுவிடு' என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. கார் போகும் விலை வியாபாரிக்கு முக்கியம். நமக்கு வேண்டியது, அடுத்த இரண்டு வருடம் இதை ஓட்ட என்ன ஆகும், இல்லாமல் இருக்க என்ன ஆகும் என்பது.

சீல் 8,500, ஆறு வருடம் தாண்டிய நான்கு டயர் 14,000, லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர் 11,000, ஆர்.சி. 5,000. கூட்டினால் 38,500. கிட்டத்தட்ட முதல் பட்டறை சொன்ன அதே தொகைதான், ஆனால் இதில் வண்டி முழுக்கத் தயார். புதுக் காருக்கு ஆறு லட்சம் கடன், 9 சதவீதம், ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 12,450. ஆக என் செலவு சுமார் மூன்று தவணை. வைத்துக்கொண்டோம்.

ஒரு நிபந்தனையோடு. இதில் ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. ஊருக்குள் சரி, குழந்தைகளோடு இரவில் திருச்சி–சென்னை போக இது வேண்டாம். அதற்கு ரயில்.

கொடுப்பதென்று முடிவானால்

விற்றால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கொடுத்து, பெயர் மாறியதை நீங்களே செயலியில் பார்க்கும்வரை விடாதீர்கள். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எடைக்கும் போடாதீர்கள், ஆர்.சி. உங்கள் பெயரிலேயே உயிரோடு இருக்கும். பதிவுபெற்ற வாகன உடைப்பு மையத்தில் ஒப்படைத்து வைப்புச் சான்றிதழ் வாங்குங்கள்.

பின்சேர்க்கை: படித்துவிட்டுப் பலர் கேட்டது, "பெட்ரோல் காருக்கு 15 வருடம்தானே சட்டம்?" அது டெல்லியும் சுற்றுப்புறமும் சேர்ந்த பகுதிக்கு வந்த உத்தரவு. தமிழ்நாட்டில் ஆய்வில் தேறினால் புதுப்பிக்கலாம்.

இன்னொன்று: ஆர்.சி. இறந்துபோன அப்பாவின் பெயரில் இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். படிவம் 29, 30 அங்கே உதவாது. படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அந்த வண்டியிலும் ஹெச்.பி. நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.