பனிக்காலத்தில் தேசிக்கன்றை நாமே கொல்லும் விதங்கள்

அக்டோபர் வந்தால் கனடாவில், டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் பல தமிழ் வீடுகளில் தொட்டி தூக்கும் வேலை தொடங்கிவிடும். கோடை முழுக்க வெளியில் நின்ற தேசி (தமிழ்நாட்டுக்காரருக்கு எலுமிச்சை), கொய்யா, மாதுளை எல்லாம் உள்ளே வரும். தை மாதம் பார்த்தால் இலை கொட்டி வெறும் குச்சி நிற்கும், "குளிர் பிடிச்சிட்டுது" என்பார்கள். குளிர் எங்கே பிடித்தது, தண்ணீர் ஊற்றியே கொன்றிருப்போம். நானும் இரண்டு தேசியை அப்படித்தான் அனுப்பிவைத்தேன்.

டொரண்டோவில் டிசம்பரில் பகல் ஒன்பது மணிநேரம்தான், அதிலும் பாதி நாள் மூட்டம். வெளிச்சம் இல்லாமல் மரம் வளராது, வளராத மரம் தண்ணீர் குடிக்காது. நாம் கோடைக் கணக்கிலேயே ஊற்ற, மண் ஊறி, வேருக்குக் காற்றுப் போகாமல் அழுகிவிடும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது, இலை வாடும். தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு செம்பு ஊற்றுவோம், அதோடு கதை முடிந்தது. விரலை இரண்டாவது கணுவரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் பட்டால் ஊற்றாதீர்கள். புதுத் துளிர் வரும்வரை உரமும் வேண்டாம்.

அடுத்தது தொட்டி வைக்கும் இடம். தேசியின் வேர் 13 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்துவிடும். பால்கனிக் கதவோரம் ஜில்லென்ற டைல்ஸ் தரையில் தொட்டி, மேலே கண்ணாடி வழியாக இலையில் வெயில்: இலை தண்ணீர் கேட்கும், வேரால் கொடுக்க முடியாது, மரம் இலையை உதிர்த்துவிடும். தொட்டிக்குக் கீழே ஒரு பலகையோ தெர்மோகோலோ போடுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் எல்இடி விளக்கு 12 மணிநேரம் எரியட்டும்.

ஹீட்டர் காற்று வரும் துவாரம் பெரும்பாலும் ஜன்னலுக்குக் கீழேதான் இருக்கும், நாமும் தொட்டியைச் சரியாக அதன்மேல் வைப்போம்! அந்த வறண்ட சூடு சிலந்திப்பேனுக்குக் கொண்டாட்டம். இலையின் அடிப்பக்கம் பாருங்கள், தூசிபோலப் புள்ளிகள், சன்னமான வலை. குளியலறைக்குத் தூக்கிப்போய் வெதுவெதுப்பான தண்ணீரில் இலையின் அடியையும் வாரம் ஒருமுறை கழுவினால் பெரும்பாலும் அடங்கிவிடும். தொட்டி மண்ணை மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மறுபடி தண்ணீர்க் கதைதான்.

அத்தியும் மாதுளையும் வேறு சாதி. குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்குகிற மரங்கள் அவை, பாவம் பார்த்து ஹாலில் வைத்துத் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். இலை கொட்டியபின் கராஜில் இருட்டில் வைத்தாலும் பரவாயில்லை, மண் கல்லாக உறையாத அளவு சூடு இருந்தால் போதும், மாதம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர்.

உள்ளே கொண்டுவரும் நாளிலும் பிழை விடுகிறோம். உறைபனி எச்சரிக்கை வந்தபிறகு ஓடாமல், இரவு 10 பாகையைத் தொடும்போதே, மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுத்துவாருங்கள்.

அப்புறம் மே மாதம். விக்டோரியா தின விடுமுறைக்கு (மே 25க்கு முந்திய திங்கள்) முன் அவசரப்பட வேண்டாம், உறைபனி எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரும். வெளியே எடுத்தாலும் நேராக வெயிலில் வைத்தால், ஆறேழு மாதம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இலை ஓரிரு நாளிலேயே வெளுத்துக் கருகிவிடும். ஒரு வாரம், பத்து நாள் நிழலில் நிற்கட்டும்.