டர்பன் ஈரக்காற்றில் வேட்டைத் துப்பாக்கி: எப்போது துடைப்பது, எப்படித் துடைப்பது?

புதிதாக உரிமம் வாங்கியவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை தோட்டா சுட்ட பிறகு துடைக்கணும்?" நம் ஊரில் தோட்டாக் கணக்கைவிட ஈரக் கணக்குதான் முக்கியம். டர்பன், டோங்காட், வெருலம் பக்கம் வீடு இருந்தால் கோடையில் சுவரே வியர்க்கும். கடற்காற்றில் உப்பு வேறு. சுடாமல் பெட்டகத்தில் கிடக்கும் துப்பாக்கி, வாரம்தோறும் சுடும் துப்பாக்கியைவிட வேகமாகத் துருப்பிடிப்பதை இங்கே சாதாரணமாகப் பார்க்கலாம்.

என் கணக்கு இதுதான். மழையில் நனைந்தாலோ, கடற்கரைப் பக்கம் எடுத்துப்போனாலோ, அன்று இரவே. ஷாட்கன் என்றால் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும். ரைஃபிளின் வெளிப்புறத்தைத் தொட்டபோதெல்லாம் துடைக்க வேண்டும். குழலின் உள்ளே அவ்வளவு அவசரம் இல்லை. சுடவே இல்லை என்றாலும் கோடையில் மாதம் ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். விரல் வியர்வையில் உப்பு உண்டு. கறுப்பு இரும்பில் பெருவிரல் ரேகை அப்படியே செம்பழுப்பாகப் பதிந்திருந்தால், போன தடவை துடைக்காமல் வைத்தீர்கள் என்று அர்த்தம்.

வாங்க வேண்டியவை

உங்கள் குழல் அளவுக்கேற்ற துப்புரவுக் கம்பி, வெண்கலத் தூரிகை, பருத்தித் துணித்துண்டுகள், கரிக்கறை கரைக்கும் திரவம், துப்பாக்கி எண்ணெய், கொஞ்சம் கிரீஸ், ஒரு பழைய பல் தூரிகை. அவ்வளவு போதும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைப் பூசாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்தில் ஜூலை மாத விடியற்காலையில் விசையை இழுத்தால் உள்ளே தோட்டாவை அடிக்கும் ஊசி மந்தமாகத்தான் நகரும். சமையல் எண்ணெய் எதுவானாலும் நாளடைவில் பிசினாகிவிடும்.

முதலில் காலியா என்று பாருங்கள்

குழல் ஆளில்லாத பக்கம் நோக்கி இருக்கட்டும். திறந்து, தோட்டா அறையைக் கண்ணால் பாருங்கள். பிறகு சுண்டு விரலை விட்டும் தொட்டுப் பாருங்கள். பம்ப் துப்பாக்கி என்றால் கீழே இருக்கும் தோட்டாக் குழாயையும் பார்க்க வேண்டும், பலர் மறப்பது அதைத்தான். துடைக்கும் மேசையில், ஏன் அந்த அறையிலேயே, ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது.

ஷாட்கன்

மேலும் கீழுமாக இரண்டு குழல் உள்ள துப்பாக்கியை வைத்துச் சொல்கிறேன். முன்கட்டையைக் கழற்றி, குழல்களைத் தனியாக எடுத்துப் பழைய செய்தித்தாள்மேல் வையுங்கள். கரைக்கும் திரவத்தைத் துணித்துண்டில் விட்டு, தோட்டா போடும் பக்கத்திலிருந்து வாய்ப் பக்கம் தள்ளுங்கள். ஐந்து, பத்து நிமிடம் ஊறட்டும். அதற்குள் ஒரு டீ போட்டுக்கொள்ளலாம். கையை மட்டும் நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள், அந்தக் கறையில் ஈயம் இருக்கிறது.

பிறகு தூரிகை. முழுதாக மறுபக்கம் வெளியே வந்த பிறகே பின்னால் இழுக்க வேண்டும். நடுவில் திசை மாற்றினால் மயிர் வளைந்து சிக்கிக்கொள்ளும். தூரிகையைத் திரவப் புட்டியில் முக்காதீர்கள், புட்டி முழுவதும் அழுக்காகிவிடும். இப்போது குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். தோட்டா அறை முடிந்து குழல் ஒடுங்கும் இடத்தில் சாம்பல் நிறக் கோடுகள் தெரிந்தால், அது தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் உரசி ஒட்டியது. துணியால் போகாது. மறுபடியும் திரவம், மறுபடியும் தூரிகை. அது போனபின் உலர்ந்த துணி வெள்ளையாக வெளிவரும்வரை தள்ளி, கடைசியில் எண்ணெய் தொட்ட துணி ஒருமுறை.

கழற்றும் சோக் (குழல் வாய்க்குள் திருகிப் பொருத்தும் சிறு குழாய்) இருந்தால் ஒவ்வொரு தடவையும் வெளியே எடுங்கள். மரையைப் பல் தூரிகையால் தேய்த்து, மெல்லிசாகக் கிரீஸ் தடவி, மீண்டும் இறுக்குங்கள். மாதக்கணக்கில் எடுக்காமல் விட்டால் துரு அதைக் குழலோடு பிடித்துக்கொள்ளும். சோக் இல்லாமல் சுட்டால் மரையே பாழ்.

மடங்கும் கீலில் பழைய கிரீஸைத் துடைத்து எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும். பழையதில் மணலும் கரித்தூளும் கலந்திருக்கும், அதன் மேலேயே பூசினால் இரும்பை அரைக்கும். மிளகளவு போதும். எண்ணெயும் அப்படித்தான். அதிகமாக ஊற்றினால் இயங்கும் பகுதி வழியே இறங்கி, மரக்கட்டை கறுத்து மெதுமெதுவென்று ஆகிவிடும். அதனால்தான் பழைய ஆட்கள் துடைத்த துப்பாக்கியை ஓரிரு நாள் வாய் கீழே பார்க்கச் சாய்த்து வைப்பார்கள். பெட்டகத்துக்குள் அப்படி வைக்க முடிந்தால் நல்லது.

ரைஃபிள்

இங்கே குறைவாகச் செய்வதே நல்லது. போல்ட்டை, அதாவது தோட்டா அறையைப் பின்னால் மூடும் இரும்பு உருளையைக் கழற்றி, பின்பக்கமிருந்தே கம்பியை விடுங்கள். வாய் விளிம்பில் கம்பி உரசி உரசித் தேய்ந்தால் குறி தப்பும். சுட்டுக் கெட்ட ரைஃபிளைவிட முன்பக்கமிருந்து துடைத்துக் கெட்ட ரைஃபிள்தான் அதிகம் என்பேன். குறி சிதறத் தொடங்கும்போது, குண்டின் செம்பு உறை குழலுக்குள் உரசி விட்டுப்போகும் செப்புக்கறையை எடுத்தால் போதும். அதற்கான திரவத்தில் அம்மோனியா நெடி தூக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். இரவு முழுக்க ஊறவிட வேண்டாம், புட்டியின் மேல் எழுதியிருக்கும் நேரத்தோடு நிறுத்துங்கள். துணி நீலப்பச்சையாக வந்தால் செம்பு. ஆனால் வெண்கலத் தூரிகையும் பித்தளை முனையும் அந்தத் திரவத்தில் அதே நிறத்தைத்தான் விடும், பார்த்து ஏமாறாதீர்கள்.

வேட்டைக்குப் போகும் முன் குழலில் உலர்ந்த துணியைத் தள்ளி எண்ணெயை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இம்பாலா மான்மேல் விடும் முதல் குண்டு வேறெங்கோ போகும்.

.22 எனும் சிறு ரைஃபிளின் குழலை அடிக்கடி நோண்ட வேண்டாம். தோட்டா அறையையும் சுட்ட தோட்டாக் கூட்டை வெளியே இழுக்கும் கவ்விக் கொக்கியையும் துடைத்தால் சரி. தாத்தா காலத்து .303 ராணுவ ரைஃபிளில் பழைய ராணுவத் தோட்டா சுட்டீர்களா? தோட்டாவின் அடியில் ஊசி பட்டதும் தீப்பற்றும் அந்தப் பழைய பற்றுமருந்து உப்பை விட்டுப்போகும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் உப்பு கரையாது. அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு வழக்கம்போலத் துடையுங்கள்.

பெட்டகம்

தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி துப்பாக்கி உங்கள் கையில் இல்லாதபோது பூட்டிய பெட்டகத்தில்தான் இருக்க வேண்டும். இரும்புப் பெட்டகம் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அவ்வப்போது காயவைத்து மாற்றுங்கள். பஞ்சு வைத்த உறையோடு உள்ளே வைக்காதீர்கள். குளிர்மலையிலிருந்து டர்பனுக்கு இறங்கி வந்த அன்று உறையை உடனே திறந்தால் இரும்பில் முத்து முத்தாக நீர் கோக்கும். உறைக்குள்ளேயே பக்கத்தில் வைத்துக்கொண்டு, அறைச் சூட்டுக்கு வந்தபின் எடுத்துத் துடைத்துப் பெட்டகத்தில் வையுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை

நமக்குத் தோதான மாதம் புரட்டாசி. குளிர்கால வேட்டை முடிந்திருக்கும், வீட்டில் கறியும் கிடையாது, கோடை மழை தொடங்குகிற சமயம். உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து விசை, ஊசி, ஸ்பிரிங் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். விசைப் பகுதி திருகாணிகளை நீங்களே திருகக் கிளம்பாதீர்கள். தலை நசுங்கிய திருகாணியைக் கண்டதுமே அவருக்கு விஷயம் புரிந்துவிடும், கூலியும் ஏறும். அந்த மாதமே ஆயுத பூஜையும் வந்தால், சந்தனப் பொட்டை மரக்கட்டையில் வையுங்கள், இரும்பில் வேண்டாம். தீபாராதனை ஆனதும் துடைத்து நேராகப் பெட்டகத்துக்கு. சாமி முன்னால் இரவு முழுக்க விட்டால் சட்டம் ஒத்துக்கொள்ளாது.