பெருந்தொற்றுக் காலம்: பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா, வீட்டில் நிறுத்துவதா?

வாசலில் வேன் ஹார்ன் அடிக்கும்போது எடுக்கிற முடிவு பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். தொண்டை வலி, வயிற்றுப்போக்கு, வறட்டு இருமல் உண்டா என்று முதல் நாள் இரவே கேட்டுவையுங்கள்.

காலையில் எழுந்ததும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை எடுங்கள். அக்குள் வியர்வையைத் துடைத்து, முனை குழியின் நடுவில் படும்படி வைத்து, 'பீப்' வரும்வரை கையை உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். அக்குளில் காட்டுவது உள்சூட்டைவிட அரை டிகிரி, ஒரு டிகிரி குறைவாகவே இருக்கும். எனவே 99.5 வந்தாலே அன்று நிறுத்துவது நல்லது. 100.4 என்றால் யோசிக்கவே வேண்டாம்.

பல வீடுகளில் கோட்டை விடுவது பாராசிட்டமாலில்தான். ஆறு மணிக்கு சிரப் கொடுத்தால் எட்டு மணிக்கு நெற்றி ஜில்லென்று இருக்கும். பதினோரு மணிக்கு வகுப்பில் மறுபடி கொதிக்கும். மருந்து சூட்டை இறக்குமே தவிர, தொற்று பரவுவதைத் தடுக்காது. மருந்தே கொடுக்காமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் மறுபடி அனுப்பலாம். இது சாதாரணக் காய்ச்சலுக்கான கணக்கு. கொரோனா உறுதியானால், 2022 ஜனவரியில் மத்திய சுகாதாரத் துறை சொன்னபடி, லேசான பாதிப்புக்குப் பாசிட்டிவ் வந்ததிலிருந்து குறைந்தது 7 நாள் தனிமை. அதில் கடைசி 3 நாளும் காய்ச்சல் இருக்கக் கூடாது. ரேபிட் கிட்டில் நெகட்டிவ் வந்தும் அறிகுறி இருந்தால் ஆர்டிபிசிஆர் எடுத்தாக வேண்டும்.

பிள்ளை நன்றாக இருந்து, வீட்டில் வேறொருவருக்குப் பாசிட்டிவ் என்றாலும் நிறுத்துங்கள். அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே தொற்று பரவத் தொடங்கிவிடும். வீட்டில் டயாலிசிஸ், கீமோ எடுப்பவர் இருந்தால் ஊரில் தொற்று ஏறும் வாரங்களில் அனுப்புவது பற்றி அவருடைய மருத்துவரையும் கேளுங்கள். வகுப்பறை ஜன்னல் திறந்திருக்கிறதா என்று விசாரிக்கிற நாம் வேனை மறந்துவிடுகிறோம். ஏசி போட்டு, கண்ணாடி ஏற்றி, நெருக்கி உட்காரவைத்த வேன் வகுப்பறையைவிட மோசம். மாஸ்க் கழற்றிச் சாப்பிடும் மதிய நேரமும் அப்படித்தான்.

பயத்துக்காக மட்டும் நிறுத்தாதீர்கள். தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறிய பிள்ளைகள் ஏராளம்.

நிறுத்திய பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கி, முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40-ஐ எட்டினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, ஆக்ஸிமீட்டர் 94-க்குக் கீழே போனாலோ உடனே ஆஸ்பத்திரி. கொரோனா வந்து இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் மூன்று நாள் விடாத காய்ச்சலோடு கண் சிவப்பு, தடிப்பு, வயிற்றுவலி வந்தாலும் அப்படியே.